நீதித்துறை நினைவு வெள்ளி நாணயம் வாங்குவது எப்படி? ஆந்திர எல்லையோரத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

மத்திய அரசு 2024-ஆம் ஆண்டில் நம் சட்ட அமைப்பைப் போற்றும் வகையில் இரண்டு 75 ரூபாய் நினைவு நாணயங்களை வெளியிட்டது. உச்ச நீதிமன்றத்தின் 75 ஆண்டு நிறைவுக்கான நாணயத்தை ஆகஸ்டு 31 அன்று டெல்லியில் நடந்த மாவட்ட நீதித்துறை மாநாட்டில் பிரதமர் வெளியிட்டார். அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டு 75 ஆண்டுகள் ஆனதற்கான நாணயத்தை நவம்பர் 26 அன்று பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் குடியரசுத் தலைவர் வெளியிட்டார். என் அக்கா மகள் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டபோது அவளுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு இல்லை என்று எண்ணி, நகரியில் இருந்தபடியே வாங்க முயன்றேன். விவரம் சொல்ல ஆள் கிடைக்காமல் வெகுவாக அலைய நேர்ந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு, நாகலாபுரம், குப்பம் போன்ற ஊர்களில் இருக்கும் நம்மவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த நாணயம் வேண்டும் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

"75 ரூபாய் வெள்ளி நாணயம்" என்று மட்டும் கேட்டால் வேறு ஏதாவது ஒன்று உங்கள் கைக்கு வந்துவிடும். ரிசர்வ் வங்கியின் 75 ஆண்டு நிறைவுக்கு 2010-இலும், போர்ட் பிளேரில் நேதாஜி கொடியேற்றியதன் 75-ஆம் ஆண்டுக்கு 2018-இலும், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்புக்கு 2020-இலும், என்சிசிக்கும் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கும் 2023-இலும் இதே மதிப்பில் நாணயங்கள் வந்திருக்கின்றன. இவற்றில் சிங்க முகப்புப் பக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரியாகத்தான் இருக்கும். வேறுபாடு மறுபக்கத்தில் இருக்கிறது. ஆகவே விற்பவர் எவராயினும் இரண்டு பக்கங்களின் படத்தையும் பார்க்காமல் பேச்சைத் தொடராதீர்கள்.

உச்ச நீதிமன்றத்தின் பொன்விழாவுக்காக 2000-இல் வந்த 2 ரூபாய் நாணயமும் சந்தையில் கிடைக்கிறது. அது புழக்கத்துக்காக அடிக்கப்பட்டது. அதில் வெள்ளி இல்லை. அதை அழகான பெட்டியில் வைத்து "உச்ச நீதிமன்ற நினைவு நாணயம்" என்று பெரிய விலை சொன்னால், சொன்ன பெயர் பொய்யில்லை, சொன்ன விலைதான் பொருந்தாது.

2. அரசிதழ் அறிவிக்கையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்துவது இந்தப் படியைத்தான். நினைவு நாணயம் ஒவ்வொன்றுக்கும் நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை தனியாக ஒரு விதி வகுத்து அரசிதழில் அறிவிக்கிறது. நாணயத்தின் வடிவம், விட்டம், எடை, விளிம்பில் உள்ள பற்களின் எண்ணிக்கை, எந்த உலோகம் எத்தனை சதவீதம், இருபக்கமும் என்னென்ன எழுத்தும் உருவமும் இருக்கும் என்பதெல்லாம் அதில் சொல்லுக்குச் சொல் எழுதப்பட்டிருக்கும். விலையை மதிப்பிடவும், விற்பவரை நம்பலாமா என்று பார்க்கவும், பார்சல் வந்த பிறகு நாணயத்தைச் சரிபார்க்கவும் இந்த ஒரே தாள் போதும்.

அறிவிக்கை மத்திய அரசின் மின் அரசிதழ் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சிறப்பு அரசிதழில் பகுதி 2, பிரிவு 3, உட்பிரிவு (i) என்ற வகையைத் தேர்ந்து, அமைச்சகம் என்ற இடத்தில் நிதி அமைச்சகத்தையும், தேதி என்ற இடத்தில் வெளியீட்டு விழாவுக்கு முந்தைய சில வாரங்களையும் கொடுத்துத் தேடுங்கள். முதற் பக்கங்கள் இந்தியில் இருப்பதைப் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டாம். ஆங்கில வடிவம் அவற்றைத் தொடர்ந்து வரும்.

அதில் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது உலோகக் கலவை. புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கான 75 ரூபாய் நாணயம் 44 மில்லிமீட்டர் விட்டமும் 35 கிராம் எடையும் கொண்டது. அதில் வெள்ளி 50 சதவீதம், செம்பு 40 சதவீதம், நிக்கல் 5 சதவீதம், துத்தநாகம் 5 சதவீதம். ரிசர்வ் வங்கியின் 90 ஆண்டு நிறைவுக்காக 2024 ஏப்ரலில் வந்த 90 ரூபாய் நாணயமோ 40 கிராம் எடையுள்ள தூய வெள்ளி. இரண்டையும் கடைக்காரர்கள் "வெள்ளி நாணயம்" என்றுதான் சொல்வார்கள். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், முதலாவதில் உள்ள 17.5 கிராம் வெள்ளியின் மதிப்பு 1,750 ரூபாய், இரண்டாவதில் உள்ள வெள்ளியின் மதிப்பு ஏறத்தாழ 4,000 ரூபாய். நீங்கள் வாங்கும் நாணயம் இந்த இரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அறிவிக்கையில் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே விலையைப் பற்றி யோசியுங்கள்.

3. ப்ரூஃபா, யுஎன்சியா?

ஒரே நாணயம் இரண்டு தரத்தில் விற்கப்படுகிறது. ப்ரூஃப் என்பது மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய தகட்டில் அடிக்கப்படுவது. அதன் பின்புலம் கண்ணாடி போலப் பளபளக்கும், உருவங்கள் பனி படர்ந்தது போல மங்கலாக மேலெழுந்து நிற்கும். யுஎன்சி என்பது புழக்கத்துக்குப் போகாத, வழக்கமான முறையில் அடிக்கப்பட்ட நாணயம். இரண்டிலும் வெள்ளியின் அளவு ஒன்றுதான். ப்ரூஃபுக்கு விலை கூடுதல். மரப்பெட்டியில் வந்தால் இன்னும் கூடுதல், அட்டைக்கோப்பில் வந்தால் சற்றுக் குறைவு. பரிசளிப்பதற்கு ப்ரூஃப் நன்றாக இருக்கும். ஆனால் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து எல்லோரும் கையில் வாங்கிப் பார்க்கும் வீடாக இருந்தால் யுஎன்சியே போதும், ஏனெனில் ப்ரூஃபின் கண்ணாடிப் பரப்பில் ஒரு விரல் ரேகை பட்டாலும் நிலைத்துவிடும்.

4. எங்கே வாங்க வேண்டும்?

நாணயங்களை அடிப்பதும் விற்பதும் எஸ்பிஎம்சிஐஎல் என்ற மத்திய அரசு நிறுவனம். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் அதற்கு நாணயச் சாலைகள் உள்ளன. இணைய விற்பனைக்கு அந்த நிறுவனத்துக்கென ஒரே தளம் இருக்கிறது. இந்தியா, கவ்ட், மின்ட் ஆகிய மூன்று சொற்களையும் ஆங்கிலத்தில் இடைவெளியின்றி எழுதி, முடிவில் டாட் இன் சேர்த்தால் அதன் முகவரி (indiagovtmint.in). தேடுபொறியில் தேடி, மேலே வரும் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே போகாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

வங்கிக்குப் போய்க் கேட்பது வீண். புழக்கத்துக்கு வராத இந்த வெள்ளி நாணயங்கள் வங்கிக் கிளைகளுக்கு அனுப்பப்படுவதில்லை. வெளியீட்டு விழா நடந்த மறுநாளே விற்பனை தொடங்கிவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. விழாவில் தலைவர்கள் கையில் காட்டும் நாணயத்துக்கும் பொதுமக்களுக்கான விற்பனைக்கும் இடையில் வாரங்களோ மாதங்களோ ஆகலாம். முன்பதிவு முறையில் விற்கும்போது பணம் கட்டிய பிறகும் நாணயம் அடிக்கப்பட்டு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். பிறந்த நாள், பதிவு நாள், பணி ஓய்வு விழா என்று தேதி குறித்து வாங்குகிறவர்கள் தளத்தில் "இருப்பில் உள்ளது" என்று காட்டும் நாணயத்தை மட்டுமே தேர்ந்தெடுங்கள்.

நேரில் வாங்க விரும்பினால் நமக்கு வாய்ப்பானது ஹைதராபாத். அங்கே செர்லப்பள்ளியில் நாணயச் சாலையும், நகரின் நடுவில் சைஃபாபாத்தில் பழைய நாணயச் சாலையும் அதன் அருங்காட்சியகமும் இருக்கின்றன. 2023-இல் என்.டி.ராமராவ் நினைவு 100 ரூபாய் நாணயம் விற்றதும் இந்த இடங்களில்தான். சித்தூரிலிருந்து காச்சிகூடாவுக்கு வேங்கடாத்ரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மாலையில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். ஆனால் எல்லா நாணயமும் எல்லா நாளும் அங்கே இருக்கும் என்று எண்ணிப் புறப்படாதீர்கள். உங்களுக்கு வேண்டிய நாணயம் எந்தச் சாலையில் அடிக்கப்பட்டது என்பதைத் தளத்தில் பார்த்து, விற்பனைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்த பிறகு பயணச்சீட்டு எடுங்கள். ஒரே ஒரு நாணயத்துக்காகப் போவதென்றால் ரயில் கட்டணமும் ஒரு நாள் கூலியும் தபால் செலவைவிடப் பல மடங்கு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பொது விற்பனைத் தளங்களில் இதே உருவம் பொறித்த, வெள்ளி முலாம் பூசிய வில்லைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. எனக்கு முதலில் வந்து சேர்ந்ததும் அப்படிப்பட்ட ஒன்றுதான். விளக்கத்தின் கடைசி வரியில் "நினைவுப் பொருள்" என்று சிறிய எழுத்தில் போட்டிருந்ததால் விற்றவரிடம் வாதிடவும் வழியில்லாமல் போயிற்று. நாணயம் வெளியிடும் உரிமை 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு. பதக்கம், வில்லை, நினைவுப் பொருள், மாதிரி ஆகிய சொற்களில் ஏதேனும் ஒன்று விளக்கத்தில் இருந்தால் அது நாணயம் அன்று.

5. பெயரும் முகவரியும்: எல்லையோரத்தில் இருப்பவர்கள் நிதானமாகச் செய்ய வேண்டியது

தளத்தில் கணக்குத் தொடங்க மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் வேண்டும். அவற்றுடன் ஆதார் அட்டை, பான் அட்டை இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். நம் பகுதியில் பலருக்கும் இந்த இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருப்பதில்லை. நாம் அப்பா பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போடுகிறோம். ஆந்திரப் பள்ளிச் சான்றிதழிலும் விண்ணப்பங்களிலும் "இண்டி பேரு" என்று வீட்டுப் பெயர் கேட்கிறார்கள். பான் அட்டையில் தலைப்பெழுத்தை ஏற்காமல் அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதச் சொல்கிறார்கள். ஆக, வீட்டில் ம. செல்வராஜ் என்றிருப்பவர் ஆதாரில் "செல்வராஜ் எம்" என்றும் பானில் "செல்வராஜ் மணி" என்றும் இருப்பார். ஆர்டரில் எந்தப் பெயரைக் கொடுக்கிறீர்களோ, தபால்காரரிடம் அதே பெயருள்ள அட்டையைத்தான் காட்ட வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, எழுத்துப் பிசகாமல் அதையே கடைசி வரை பயன்படுத்துங்கள். பரிசாக வாங்கினாலும் பெறுநர் பெயராக உங்கள் பெயரையே கொடுங்கள்; விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணின் பெயருக்கு அனுப்பிவிட்டு அவள் வரும் வரை பார்சலை அஞ்சலகத்தில் நிறுத்திவைக்கச் சொல்ல முடியாது.

அடுத்தது மாவட்டம். 2022 ஏப்ரலில் ஆந்திரத்தின் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது சத்தியவேடு போன்ற பகுதிகள் சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. அதற்கு முன் ஆதார் எடுத்தவர்களின் அட்டையில் பழைய மாவட்டப் பெயரே இருக்கும். தளத்தில் ஒரு பெயரும் அட்டையில் வேறு பெயரும் இருப்பதால் பார்சல் தவறாகப் போய்விடாது. அஞ்சல் துறை பின்கோடை வைத்துத்தான் பிரிக்கிறது. ஆகவே மாவட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிடப் பின்கோடை இருமுறை சரிபார்ப்பது நல்லது.

பின்கோடு ஏன் அத்தனை முக்கியம் என்றால், நம் ஊர்ப் பெயர்களுக்கு வேறு மாநிலங்களில் இரட்டைப் பிறவிகள் உண்டு. பாலக்காட்டுப் பக்கம் ஒரு சித்தூர் இருக்கிறது. கர்நாடகத்தில் மங்களூருக்குக் கிழக்கே ஒரு புத்தூர் இருக்கிறது. திருச்சியிலும் ஒரு புத்தூர் இருக்கிறது. நம் சித்தூர், புத்தூர், நகரிப் பகுதிகளின் பின்கோடு 517 என்று தொடங்கும். கேரளத்துச் சித்தூரும் திருச்சிப் புத்தூரும் 6-இல் தொடங்கும், கர்நாடகப் புத்தூர் 574 என்று தொடங்கும். மாநிலம் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் கை பழக்கத்தில் தமிழ்நாடு என்று அழுத்திவிட்டால் பின்கோடும் மாநிலமும் முரண்படும், ஆர்டர் நின்றுவிடும் அல்லது பில் தவறாக வரும். வங்கிக் கணக்கு திருத்தணியிலோ பள்ளிப்பட்டிலோ இருப்பது இதில் ஒரு தடையே அன்று. கணக்கு எந்த மாநிலக் கிளையில் இருந்தாலும் பணம் கட்டலாம். பொருள் வந்து சேர வேண்டிய முகவரி மட்டும் ஆந்திரப் பிரதேசம் என்று இருக்கட்டும்.

முகவரியில் கதவு எண்ணுக்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளத்தைச் சேருங்கள். நெசவுத் தெருக்களில் ஒரே கதவு எண்ணுக்குள் தறிக்கூடமும் இரண்டு மூன்று குடித்தனங்களும் இருக்கும். தபால்காரர் தறிச் சத்தத்துக்கு நடுவே நின்று கூப்பிட்டால் உள்ளே கேட்காது. கைப்பேசி எண் சரியாக இருந்தால் அவர் அழைப்பார்.

வழக்கறிஞர் சங்கம் ஒன்றாகச் சேர்ந்து பல நாணயங்கள் வாங்குவதாக இருந்தால், ஒரே பரிவர்த்தனை 2 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது பான் எண் கட்டாயம் என்பதை நினைவில் வையுங்கள்.

6. பணம் கட்டுதல்

நாணயத்தின் விலை, 3 சதவீத ஜிஎஸ்டி, அனுப்பும் செலவு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் உங்கள் மொத்தச் செலவு. தளத்தில் காட்டும் விலை வரி சேர்த்ததா என்பதைக் கடைசிப் பக்கத்தில் பாருங்கள். வெள்ளி விலை ஏறும்போது நாணயச் சாலையும் விலையை மாற்றுகிறது. நண்பர் முன்பு வாங்கிய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு ஏமாற்றமடைய வேண்டாம்.

பணம் கணக்கிலிருந்து கழிந்து, ஆர்டர் உறுதியாகாமல் நின்றுவிட்டால் உடனே மறுபடியும் கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு விதிப்படி, இப்படித் தோல்வியடைந்த பரிவர்த்தனையின் பணம் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பரிவர்த்தனை எண் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. பார்சல் வரும்போது

ஸ்பீடு போஸ்ட் எண் கிடைத்ததும் அஞ்சல் துறைத் தளத்தில் அன்றாடம் பாருங்கள். உங்கள் ஊரில் கிளை அஞ்சலகம் மட்டும் இருந்தால், பார்சல் பக்கத்துத் துணை அஞ்சலகத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்தவுடன் அட்டையோடு நேரில் போய் வாங்கிக்கொள்வது நல்லது; விலையுள்ள பொருள் மிதிவண்டிப் பையில் இன்னொரு நாள் சுற்ற வேண்டியதில்லை. உறையில் ஒட்டிய சீட்டில் எடை அச்சிடப்பட்டிருக்கும். உறை கிழிந்தோ, மறுபடியும் ஒட்டப்பட்டோ இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அஞ்சலகத் தராசில் நிறுத்து, எடை குறைந்தால் அஞ்சல் அதிகாரி முன்னிலையில் திறந்து தரும்படி எழுத்தில் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் பதில் கிடைப்பது கடினம். அஞ்சல் புகாருக்கு 1800 266 6868, விற்பனை தொடர்பான புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டில் திறக்கும்போது உறையின் ஆறு பக்கமும் தெரியும்படி கைப்பேசியில் ஒரே தொடராகக் காணொளி எடுங்கள். பில்லை நாணயத்தோடு சேர்த்தே வையுங்கள். பிற்காலத்தில் விற்க நேர்ந்தால் பெட்டியும் பில்லும் இருக்கும் நாணயத்துக்குத்தான் சேகரிப்பாளர்கள் நல்ல விலை தருவார்கள்.

8. நாணயத்தைச் சரிபார்த்தல்

இப்போது அரசிதழ்த் தாளை மறுபடி எடுங்கள். விட்டத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். எடையைத் தெரிந்த நகைக்கடையின் மின்னணுத் தராசில், பருத்தித் துணி விரித்து அதன் மேல் வைத்துப் பாருங்கள். துணியின் எடையை முதலில் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். காந்தம் வெள்ளியை இழுக்காது. இழுத்தால் சந்தேகமே வேண்டாம். சிங்க முகப்பின் கீழே சத்யமேவ ஜயதே, இடப்புறம் நாகரி எழுத்தில் பாரத், வலப்புறம் ஆங்கிலத்தில் இந்தியா, கீழே ரூபாய்க் குறியும் மதிப்பும் இருக்க வேண்டும். எந்தச் சாலையில் அடிக்கப்பட்டது என்பதற்கும் அடையாளம் உண்டு: ஹைதராபாத்துக்கு ஐந்து முனை நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப் புள்ளி, மும்பைக்கு வைர வடிவம் அல்லது எம் என்ற எழுத்து, கொல்கத்தாவுக்கு அடையாளம் கிடையாது. கண்ணுக்கு எளிதில் தெரியாது. நகைக்கடைக்காரரின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பாருங்கள்.

ஆனால் அவரை உரைகல்லில் உரைக்க விடாதீர்கள். பழக்கத்தில் கை தானாகக் கல்லை நோக்கிப் போகும்; ஒரே இழுப்பில் நாணயத்தின் விளிம்பு கெட்டுவிடும். தூய்மை தெரிந்தே ஆக வேண்டும் என்றால் எக்ஸ்-கதிரால் உலோகக் கலவையை அறியும் எக்ஸ்ஆர்எஃப் கருவி உள்ள சோதனை மையத்தில் பாருங்கள். அது பரப்பைத் தொடுவதில்லை. ஹால்மார்க் முத்திரை இல்லையே என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். அரசு நாணயத்தில் அந்த முத்திரை இருக்காது. வளையம் பற்றவைத்துப் பதக்கமாக்கித் தருகிறேன், உருக்கிக் கொலுசாக்கித் தருகிறேன் என்பவர்களுக்கும் இடம் தராதீர்கள். நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் நாணயச் சட்டப்படி குற்றம்.

9. பாதுகாத்தல்

நாணயம் காற்றுப் புகாத உறையிலோ குமிழிலோ வந்திருந்தால் அதிலேயே இருக்கட்டும். எடுக்க வேண்டியிருந்தால் விளிம்பை மட்டும் பிடியுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், செய்தித்தாளில் சுற்றாதீர்கள்; ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மலிவான மெல்லிய பிளாஸ்டிக் உறைகளும் நாளடைவில் பிசுபிசுப்பை உண்டாக்கும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள்.

பொங்கலுக்கோ வரலட்சுமி நோன்புக்கோ பூஜைச் சாமான்களைத் துலக்கும்போது இந்த நாணயத்தையும் வெளியே எடுத்து விபூதியும் புளியும் போட்டுத் தேய்ப்பது பல வீடுகளில் நடக்கிறது. குத்துவிளக்குக்கு அது சரி. ப்ரூஃப் நாணயத்தில் விபூதியின் நுண்துகள்கள் கண்ணாடிப் பரப்பு முழுவதும் மயிரிழைக் கீறல்களை விட்டுவிடும், அவற்றை எந்த மெருகாலும் போக்க முடியாது. நாணயம் சற்றே மஞ்சள் பூத்திருந்தாலும் அப்படியே விட்டுவிடச் சொல்லி, வீட்டில் பூஜை அறையைப் பார்த்துக்கொள்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.